அரைக் கிண்ணம் பூசணி

தொழிற்சாலை கேண்டீனில் என் அண்ணனின் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. அண்டா என்று கேட்டால் வாசல் காவலாளியே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார். இருபது வருடங்களாக அங்கே தினம் இருநூறு பேருக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறான். விடியலில் போனால் பத்தரை மணிக்கு வேலை முடிந்துவிடும். கல்யாணமே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றவன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். மற்றவர்கள் சாப்பிடும்போது தட்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, திரும்பி வரும் தட்டுகளில் என்ன மிச்சம் என்று பார்ப்பான். வாயால் பாராட்டுகிறவர்களை அவன் நம்புவதில்லை, தட்டைத்தான் நம்புவான். எல்லாம் முடிந்தபிறகு சட்டியிலிருந்தே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புவான். என் கல்யாணத்தன்றுகூட, பக்கத்தில் உட்கார் என்று நான் கெஞ்சியும் உட்காரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

என் மகனுக்கு ஏழு மாதம் ஆனபோது எனக்கு விடுப்பு தீர்ந்தது. கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்கிற வேலை. வருகிற திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு மேசையில் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். என் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். மதியம் முழுக்கப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணன் தானாகவே சொன்னான். ஆனால் பிள்ளையோ தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடவில்லை. பாட்டிலைக் கண்டாலே வீடு இரண்டாகும்படி அலறுவான். மதியம் அரைக் கிண்ணமாவது சாப்பிட்டால்தான் நான் வீட்டைவிட்டு இறங்க முடியும்.

"அத எங்கிட்ட விடு" என்றான் அண்ணன்.

மறுநாள் மூன்று கிலோ மஞ்சள் பூசணியோடு வந்தான். வேகவைத்து, மசித்து, வடிகட்டி, பெரிய சட்டி நிறையக் கூழாக்கி வைத்தான்.

"யாருண்ணா இத்தனையும் சாப்பிடறது?"

"இருநூறு பேர்னா சொல்லு, கண்ண மூடிக்கிட்டு அளவு போடுவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு எனக்கென்ன தெரியும்?"

அன்றைக்கு எங்கள் மாடியில் இருந்த எல்லா வீட்டுக்கும் டம்ளர் டம்ளராகப் பூசணி போனது. எதிர்வீட்டு டீச்சர் மிளகு தூவிக் குடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்டார். சாப்பிட வேண்டியவன் மட்டும் அண்ணனின் சட்டையில் துப்பினான்.

அண்ணன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒரே ஒரு சிட்டிகை உப்பு போடட்டுமா?"

"ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"உப்பில்லாம சமைக்கச் சொல்றது கையக் கட்டிப் போடற மாதிரிம்மா."

செவ்வாய் கேரட், வியாழன் உருளைக்கிழங்கு, சனிக்கிழமை பட்டாணி. கெட்டியாக, தண்ணீராக, இளஞ்சூடாக, ஆறவைத்து. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "தட்டு திரும்பி வந்திருச்சு" என்று பரீட்சையில் தோற்றவனைப் போலச் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூசணி. மகன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுண்ணா! உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. நான் வேலைய விட்டுடறேன்."

ராஜினாமா எழுதத் தாளை எடுத்தேன். அண்ணன் கிண்ணத்தைக் கழுவப் போனான். ஆனால் சாப்பாட்டைக் கொட்ட அவனுக்குக் கை வராது. ஞாயிறு கேண்டீன் இல்லாததால் காலையிலிருந்து அவன் வயிறும் காலிதான். திரும்பி வந்து, குழந்தையின் நாற்காலிக்கு எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். ஒரு கரண்டி எடுத்து அந்த உப்பில்லாத பூசணியைச் சாப்பிட ஆரம்பித்தான்.

மகன் கரண்டியைப் பார்த்தான். மாமாவின் வாயைப் பார்த்தான். அவன் வாயும் மெல்லத் திறந்தது. கொட்டாவி என்று நினைத்தேன். அண்ணன் அடுத்த வாய் எடுத்தான். மறுபடியும் திறந்தது.

"அண்ணா, அவன் வாயப் பாரு!"

சின்னக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து அண்ணன் நீட்டினான். உள்ளே போனது. வெளியே வரவில்லை. அவனுக்கொரு வாய், இவனுக்கொரு வாய் என்று கிண்ணம் காலியாகி, சட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் போட வேண்டியதாயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் நின்றுகொண்டே, விழுங்குகிறானா விழுங்குகிறானா என்று அவன் முகத்தையே சோதனை போட்டிருக்கிறோம். கூடச் சாப்பிட ஒருவரும் உட்காரவில்லை.

ராஜினாமாவுக்கு எடுத்த தாளால் தரையில் சிந்திய பூசணியைத் துடைத்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தபோது மாமனும் மருமகனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே மகனின் சின்னக் கிண்ணம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய தட்டு, ஒரு டம்ளர். இத்தனை வருடத்தில் என் வீட்டில் அண்ணன் தட்டுப் போட்டுச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என் வேலை கிடைத்தது. அண்ணனுக்குக் கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் கிடைத்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஈரம் காயாத அந்தத் தட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதேன்.