காரைக்காலுக்கு ஒரு கால்

நெரவியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில் சௌந்தரவல்லியின் கடை இருக்கிறது. முன்பாதியில் கயிறு, தார்ப்பாய், பம்புசெட் வாஷர், விதைநெல். பின்பாதியில் பார்சல் ஆபீஸ். வயல்காரர்களுக்கு மோட்டார் சாமான் வரும். கிளிஞ்சல்மேட்டுக்காரர்களுக்கு வலையும் இன்ஜின் சாமானும் வரும். இங்கிருந்து பாரீசில் இருக்கும் பிள்ளைகளுக்கு வடகமும் பருப்புப் பொடியும் போகும். கணவர் சோமு வயலோடு சரி. கடையில் அவர் பேச்சு எடுபடாது. எடுபட வேண்டும் என்று அவரும் நினைப்பதில்லை.

பார்சல் தொழிலில் அவளுக்கு முதல் எதிரி காரைக்குடி. சென்னையில் லாரி ஏற்றுகிறவர்கள் ‘காரைக்’ என்பது வரை படித்துவிட்டு மீதியைத் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். நெரவிக்கு வரவேண்டிய மோட்டார் ஒன்று செட்டிநாட்டுப் பக்கமெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்தபோது நாற்றங்கால் காய்ந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து விலாசத்தில் ‘புதுச்சேரி மாநிலம்’ என்று சேர்க்கச் சொன்னாள். அதில் வேறு தலைவலி. பாதிப் பார்சல் நேராகப் புதுச்சேரி நகரத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய் எவ்வளவோ காலமாகிறது, அவர்கள் போட்ட எல்லைக்கோடு மட்டும் நம் மூட்டைகளை இன்னும் அலைக்கழிக்கிறது.

‘நாகூர் பக்கம்’ என்று எழுதினால் போதும், நாகப்பட்டினம் லாரியிலேயே வந்துவிடும் என்று லாரி டிரைவர் அஜ்மீர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். சௌந்தரவல்லிக்கு அது பிடிக்கவில்லை.

“நாம எதுக்குங்க நாகூருக்குப் பக்கத்துல இருக்கணும்? நாகூர்தான் நமக்குப் பக்கத்துல இருக்கு.”

ஊர்ப்பற்று என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அது வீம்பாகத்தான் பட்டது.

அந்த வீம்பு முத்துக்குமரன் தலையில் விடிந்தது. கிளிஞ்சல்மேட்டில் நாகராஜின் விசைப்படகை ஓட்டுகிறவன் அவன். சில வருடங்களுக்கு முன் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டுக்கொண்டு மறுபடியும் படகேறினான். அது லூசாகிவிட்டதால், மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்கும்போதே சரிசெய்துவிடலாம் என்று இந்தக் கடை வழியாகச் சென்னைக்கு அனுப்பினான். திருப்பி அனுப்ப அங்கே விலாசம் கேட்டார்கள். போனில் சொன்னது சௌந்தரவல்லி. புதுச்சேரி மாநிலத்தை அழுத்தியே சொன்னாள்.

தடை முடிய ஒரு நாள் இருந்தது. கால் வரவில்லை. நாகராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் ஆடுகிற படகில் ஊன்றுகோலோடு நிற்கிறவனை நம்பி அத்தனை பேரைக் கடலுக்கு அனுப்ப முடியாது என்றார். படகு கிளம்புவதற்குள் கால் வந்தால் முத்துக்குமரன் ஓட்டலாம். வராவிட்டால் இந்தப் பருவம் முழுக்க மண்டபத்தூர் ஆள் ஒருவர் ஓட்டுவார்.

சௌந்தரவல்லி ஊர் ஊராகப் போன் போட்டாள். காரைக்குடியில் இல்லை. புதுச்சேரிக் கிடங்கில் ஒருவர் எடுத்து, என்ன பார்சல் என்று கேட்டார்.

“கால்ங்க.”

“காரைக்கால்னு ஊரு தெரியுதும்மா. உள்ள என்ன இருக்குன்னு கேக்குறேன்.”

“உள்ளயும் கால்தாங்க.”

தேடிப் பார்த்து, இருக்கிறது என்றார். காரைக்கால் லாரி நாளை மறுநாள்தான். அவள் கடையைச் சோமுவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். குறுவை நாற்று வேலையைப் போட்டுவிட்டு வந்த மனுஷன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். கிடங்கில் மூட்டைகளுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. ராத்திரியை பஸ் ஸ்டாண்டிலேயே கழித்து, விடிகாலை முதல் பஸ்ஸில் அந்த நீளப் பெட்டியை மடியில் கிடத்திக்கொண்டு வந்தாள். கண்டக்டர் லக்கேஜ் கேட்டபோது என்னவென்று சொன்னாள். அவர் ஆள் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. படகுகள் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. முத்துக்குமரன் ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.

அவள் அவனிடம் போய்ப் பெட்டியை நீட்டினாள். அவன் கயிற்றை அவிழ்த்து, கைலியைத் தூக்கிக் காலை மாட்டி, எழுந்து கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்தான்.

“சரியா இருக்குக்கா.”

அவள் அழுதுவிட்டாள். “புதுச்சேரின்னு சொன்னது நான்தான் தம்பி.”

“தெரியும்க்கா. அடுத்த தடவ நாகூர்னே சொல்லுங்க. நாம எந்த ஊருன்னு நான் நடந்து காட்டிக்கிறேன்.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தப் பருவம் முழுக்க அவன் கரையில் நின்று அதே படகுக்கு ஐஸ் ஏற்றினான். விலாசம் கேட்கிறவர்களுக்கு இப்போது அவளே ‘காரைக்கால், நாகூர் பக்கம்’ என்கிறாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பார்சல்களும் ஒழுங்காக வந்துவிடுகின்றன. முத்துக்குமரன் கடைக்கு வந்தால் மட்டும், வாங்க தம்பி என்று சொல்வதற்கு முன்பே அவள் கண் அவன் காலுக்குப் போய்விடுகிறது.