காரிக்கால் வினோதா

விழிதியூர் வினோதா மோர்மிளகாய் போடுகிறவர். மிளகாயைக் கீறித் தயிரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் பச்சைத் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பார். ஊரில் ஐந்து பெண்களுக்கு இதுதான் தொழில். ஐவரின் சரக்கும் காரைக்காலில் ஜவஹர் அலியின் கூரியர் கடையில் ஒன்றாகச் சேரும். இணையத்தில் விற்பதும் பொட்டலம் கட்டி அனுப்புவதும் அவர் பொறுப்பு. யாரும் தனியாக விற்கக் கூடாது என்பது பேச்சு.

போன பங்குனியில் வினோதா யாரிடமும் சொல்லாமல் விற்பனைச் செயலி ஒன்றில் தனியாக ஒரு பக்கம் திறந்தார். 'வினோதா, காரைக்கால்.' கால் கிலோ நூற்றைம்பது ரூபாய்.

நாலாம் நாள் அதே செயலியில் இன்னொருத்தியைக் கண்டார். 'வினோதா, காரிக்கால்.' நூற்று நாற்பத்தொன்பது.

ஊர்ப்பெயர்கூட எழுதத் தெரியாதவள் என்று முதலில் சிரித்தார். தன் விலையை நூற்று நாற்பத்தைந்தாக்கினார். மாடிக்குப் போய் மிளகாயைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் அங்கே நூற்று நாற்பத்துநான்கு. ஏற்றிப் பார்த்தார். அவளும் ஏறினாள், ஒரு ரூபாய் கீழேயே.

அவள் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அன்று கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதே பச்சைத் தார்ப்பாய். கிழிசலும் அதே மூலையில். அதன்பிறகு மாடிக்கதவைப் பட்டப்பகலிலும் பூட்டினார். யாரிடம் கேட்பது? கேட்டால் தன் திருட்டுத்தனம் வெளியே வரும். மற்ற நால்வரும் ஒதுக்கிவிடுவார்கள்.

'காரிக்கால் வினோதாவின் கைப்பக்குவம் இவருக்கு வரவில்லை' என்று வாங்கிய ஒருவர் எழுதினார். இரண்டு மிளகாயைப் பொரித்துத் தின்று பார்த்தார் வினோதா. உப்புக் குறைவு என்றுதான் அவருக்கும் தோன்றியது.

ஆடியில் ஜவஹர் அலி போனில் கூப்பிட்டார்.

"வினோதாக்கா, உங்ககூட ரெட்டையாப் பொறந்தவங்க யாரும் உண்டா?"

"ஏன் தம்பி?"

"ஒரே பேர்ல ரெண்டு கடை இருக்கு, ஒன்ன மூடுங்கன்னு கம்பெனில எழுதியிருக்காங்க. ஒன்னு உங்களுக்காக நான் போட்டது, சொல்ல விட்டுப்போச்சு. எங்க அத்தா கடை போர்டுல இருக்கிற மாதிரி காரிக்கால்னு, பிரெஞ்சுக்காரங்க காலத்து ஸ்பெல்லிங்ல. படம்கூட உங்க மாடிக்கு வந்து எடுத்தனே. பக்கத்துக் கடையைவிட ஒரு ரூபா கம்மியா நீயே வச்சிக்கன்னு ஆப்புல செட் பண்ணிட்டு மறந்துட்டேன். இன்னொன்னு யாருன்னுதான் தெரியல. தெரிஞ்சா அஞ்சு பேருமா போயி நல்லாக் கேட்டுட்டு வந்துரலாம்."



"நாலு பேர் போனாப் போதும் தம்பி. அது நான்தான்."

அந்தப் பக்கம் டேப் கிழிபடும் சத்தம் நின்றது.

"மூடிருங்கக்கா. அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க."

மூடினார். நாலு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னார். மூன்று பேர் திட்டினார்கள். கடைசி வீட்டு எழில்மதி மட்டும் கேட்டுவிட்டு, "எங்கள ஜெயிக்கப் போயி ஒங்கிட்டயே தோத்துட்டு வந்திருக்க. வா, காம்பு கிள்ளு" என்றார். மற்றவர்களும் அதற்குமேல் பேசவில்லை.

இப்போது இருப்பவள் காரிக்கால் வினோதா ஒருத்திதான். வாங்குகிறவர்கள் கேட்பதற்குத் தானாகவே பதில் போகும்படி ஜவஹர் அலி செய்திருக்கிறார். வினோதா கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுகிறாள். போன வாரம் ஒருவர், 'நீங்களேதான் செய்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார்.

'ஆமாம், நானேதான்' என்று சொல்லியிருந்தாள்.