இடது தோளில் வைத்த பஞ்சு

சிவமலர் பயந்த சுபாவக்காரி. புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ரொம்சோஸ் என்ற புறநகரிலிருந்த தன் அடுக்குமாடி வீட்டில் கதவு மணி அடித்தால், தையல் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு கணம் அசையாமல் இருப்பார். பகலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. மாலையில் சாறிச்சட்டைகளும் நடன உடைகளும் தைப்பார். தைத்ததில் பிழை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு துணியையும் இரண்டு தரம் அளந்து வெட்டுவார்.

2006 கார்த்திகையில், பக்கத்துப் பகுதியான குரோருட்டில் இருக்கும் விமலாதேவி தன் பன்னிரண்டு வயது மகள் கம்சிகாவைக் கூட்டி வந்தார். மார்கழியில் அவளுக்கு நடன நிகழ்ச்சி. மஞ்சள் பட்டில் உடை தைக்க வேண்டும். முதல் தரம் போட்டுப் பார்த்தபோது பின்கழுத்து இடது பக்கத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. வலது பக்கம் படிந்து கிடந்தது.

பின்கழுத்து விலகுவது சிவமலருக்குப் புதிதல்ல. தோள் தையலைப் பிரித்து, கழுத்தோரமாகக் கால் அங்குலம் உள்ளே பிடித்தார். அடுத்த கிழமை வலது பக்கம் இறுகியது. இடது பக்கம் அப்படியே நின்றது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு சிறு மடிப்புப் பிடித்தார். சட்டை முழுவதுமே ஒரு பக்கம் சரிந்தது.  விமலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவமலர் பயப்பட அது போதுமாயிருந்தது.

அவர்கள் போன பிறகு சிவமலர் பிடித்ததையெல்லாம் பிரித்தார். துணி வெட்டப் பயன்படுத்திய காகித மாதிரியை நடுவால் மடித்தார். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. அதே உடல்வாகுள்ள தன் மகள் துஷ்யாவுக்குச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். பின்கழுத்து இரு பக்கமும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பிழை சட்டையில் இல்லை. அதற்காக அவர் ஆறுதல்பட்டிருக்க வேண்டும். ஆனால் சட்டையை மேசையில் விரித்து மீண்டும் அளந்தார்.

அடுத்த முறை வந்தபோது விமலாதேவி கைபேசியில் பேசிக்கொண்டு வெளிநடையில் நின்றார். கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் கம்சிகா குனிந்தாள். அவளுடைய முதுகின் வலது பக்கம் மேடாக எழுந்தது. இடது பக்கம் எழவில்லை. சிவமலர் அளவுநாடாவைக் கீழே வைத்தார்.

முதுகு நோகிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை அன்ரி. ஸ்கூல் பாக் மட்டும் இடது தோளிலை நிக்காது. வழுக்கி வழுக்கி விழும்."

அப்போதே தாயைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தான் டொக்டர் இல்லை. நினைத்தது பிழையாகவும் இருக்கலாம். பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு சொல் வெளியே போனால் அது எங்கெங்கு போகும் என்பதும் அவருக்குத் தெரியும். தாழ்ந்து நின்ற இடது தோளை உயர்த்திக் காட்ட, சட்டையின் இடது தோளுக்குள் மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்தார். தோள்கள் சமமாயின. பின்கழுத்து அழகாகப் படிந்தது.

"இப்பதான் வடிவாயிருக்கு," என்று விமலாதேவி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டபின்தான் சிவமலருக்கு உண்மையான பயம் பிடித்தது. இனி அதை யாரும் காணப்போவதில்லை. காணாதபடி மறைத்தது அவருடைய கைதான். மூன்று நாட்கள் சலவைப் பகுதியில் விரிப்புகளைப் பிழையாக மடித்தார். ரயிலில் முன்னால் நின்ற பிள்ளைகளின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் வேலை முடிந்து வரும்போது தன் தரிப்புக்கு முந்திய குரோருட்டில் இறங்கிவிட்டார். விமலாதேவியின் கதவு வரை போய், படியில் பாதி தூரம் திரும்பி இறங்கி, மீண்டும் ஏறி மணியை அடித்தார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. நான் உள்ளுக்குப் பஞ்சு வைச்சனான். அதாலைதான் சட்டை சரியா நிக்குது. பிள்ளை குனியேக்கை முதுகு ஒரு பக்கம் மேடா எழும்புது, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

விமலாதேவியின் முகம் இறுகியது.

"உங்களுக்குத் தைக்கத் தெரியேல்லையெண்டால் அதைச் சொல்லுங்கோ. என்ரை பிள்ளையிலை பிழை பிடியாதேங்கோ."

கதவு சாத்தப்பட்டது. அந்தக் கிழமை இரண்டு பெண்கள் தைக்கக் கொடுக்கவிருந்த துணியைக் கொண்டுவரவில்லை. அது விமலாதேவியின் பேச்சாலா, குளிராலா என்று சிவமலருக்குத் தெரியாது. ஆனால் கதவு மணி அடிக்காத வீடு, அடிக்கிற வீட்டைவிடப் பயமாக இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு விமலாதேவி தொலைபேசியில் அழைத்தார். சிவமலர் வந்துபோன அன்றே மகளைக் குனியச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தும் நம்ப மனமில்லாமல் ஒரு கிழமை போயிற்றாம். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. வளர்ச்சி நிற்கும் வரை உடம்பில் இறுக்கமான பிளாஸ்டிக் கவசம் போட வேண்டும். ஆடும்போது மட்டும் கழற்றலாம். இன்னும் வளர்கிற வயது, அதனால் பலன் இருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். மன்னிப்பு என்ற சொல் விமலாதேவியின் வாயில் வரவில்லை. கவசத்துக்கு மேலே போட நாலு தளர்வான சட்டைகள் தைத்துத் தர ஏலுமா என்று மட்டும் கேட்டார்.

கம்சிகா அந்த மார்கழியில் ஆடினாள். கவசத்தை இரண்டரை வருடம் போட்டாள். வளைவு கூடவில்லை, சத்திரசிகிச்சை வரை போகவில்லை.

ஒருநாள் சட்டைகளை எடுக்க வந்த விமலாதேவி, தைக்க வரும் மற்றப் பிள்ளைகளின் முதுகையும் அப்படிப் பார்க்கிறாரா என்று சிவமலரிடம் கேட்டார்.

"ஓம், பாக்கிறனான். ஒவ்வொரு தரமும் பயத்தோடைதான் பாக்கிறது," என்றார் சிவமலர்.

விமலாதேவி போகவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தார்.