சுவரில் ஒட்டிய மூன்று கண்ணாடித் துண்டுகள்

ஆறுமுகத்தாயைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லட்டும், நான் சண்டைக்கே போவேன். தாராவியை ஒட்டி, பிளேக் காலத்தில் கருங்கல்லில் கட்டிய எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் இருபத்திரண்டு வருஷம் ஆயா. நான் கம்பவுண்டர். அவள் மகள் இசக்கி அங்கேதான் பிறந்தாள். இசக்கி வளர்ந்து, அவளுக்கே எண்பத்தைந்து மார்ச்சில் பிரசவம் என்றிருந்தது. "எம் பேரனயும் இங்கதான், இந்தக் கையிலதான் வாங்குவேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து நாலு நவம்பரில் சுவரில் விரிசல் கண்டது. மூடிவிட்டு இடத்தை விற்க, ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்டுக்காரர்கள் எப்போதடா என்று காத்திருந்தார்கள். இன்ஜினியர் வந்து விரிசல்களின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பிப்ரவரி வரை உடையாவிட்டால் ஆஸ்பத்திரி நடக்கும். யாரும் தொடக் கூடாது, எல்லோரிடமும் சொல்லிவிடு என்று என்னிடம்தான் சொல்லிப் போனார். டாக்டரம்மாவிடம் சொன்னேன், நர்ஸுகளிடம் சொன்னேன். ஆயாவிடம் போய் என்னத்தைச் சொல்ல என்று விட்டுவிட்டேன். என் திமிர்!

பொங்கல் வந்தது. தகர வீடானாலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்காவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. போகியன்று உள்ளே நுழைந்தேன். முழங்கை வரை சுண்ணாம்போடு நின்றாள் ஆறுமுகத்தாய். சுவர் பளிச்சென்றிருந்தது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி? எந்தப் பயலோ கண்ணாடிய ஒட்டி வச்சிருக்கான். புள்ளைத்தாச்சிக நடமாடுற எடம், கையக் கிழிச்சிராதா? சுரண்டி எடுத்துட்டேன்."

முந்தின நாள் நான் முழுசாகப் பார்த்த மூன்றும் குப்பைக்கூடையில் உடைந்து கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் டிரஸ்டு செயலாளரும் இன்ஜினியரும் வந்தார்கள். ஆறுமுகத்தாய் யாரும் கேட்குமுன்பே, தெரிந்த இந்தியில், "நான்தான் சாப் உடைச்சேன், சுவரு அசையவே இல்ல" என்று அழுதாள். தானாக உடைந்ததை மறைக்க வெள்ளையடித்துவிட்டு, வேலைக்காகப் பொய் சொல்கிறாள் என்றார் செயலாளர். இன்ஜினியர் மட்டும் தயங்கி, அதற்கு முன் கண்ணாடி முழுசாக இருந்ததை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்கல்லா அண்ணாச்சி? சொல்லுங்க."

சொன்னால், அவளிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். இதை மூடினால், செம்பூரில் டிரஸ்டின் இன்னொரு ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் பேசியிருந்தார்கள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

மார்ச் முதல் தேதி பூட்டினார்கள். பத்து நாள் கழித்து இசக்கிக்கு வலி எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்சியின் பின் சீட்டில், ஆறுமுகத்தாய் பேரனைத் தன் கையில்தான் வாங்கினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவள் கைராசி.

நான் செம்பூரில் இருக்கிறேன். அவள் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்கிறாள். அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னை ஒரு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். வழியில் பார்த்தால் இன்றும், "சாப்ட்டீங்களா அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறாள்.