சரக்கு வாசலும் பயணிகள் வாசலும்

துபாய் அல் கூஸில் நான் வேலை பார்க்கும் போர்வை குடோனின் முதலாளி ஒரு பெங்காலி. லுங்கி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூலிக்காரர்கள் தங்கும் கேம்ப் கேம்பாக ஏறி இறங்கி விற்றவர். அப்புறம் கடை, அப்புறம் குடோன், கடைசியில் சொந்த ஊரில் தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே கட்டியிருக்கிறார். இங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு காரியம். நாதியற்ற கூலிக்காரர் யார் இறந்தாலும், எந்த நாட்டுக்காரரானாலும், அலைந்து திரிந்து உடலை ஊர் சேர்த்துவிடுவார்.

அலைவது நான்தான். அவருடைய ஆபீஸ் கிளார்க். போலீஸ் கடிதம், தூதரக முத்திரை என்று ஓடுவேன். அந்தக் காகிதங்கள் வந்தால் எந்தப் பெரிய மனிதரோடு பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து கையெழுத்துப் போடுவார். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவரின் சவப்பெட்டியைத் தொட்டுக்கொண்டு அழுதார். அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தானாக வரும் ரெண்டு வருஷ லீவு போக, நடுவில் கேட்கும் லீவு லெட்டர் மட்டும் என் மேஜையைத் தாண்டாது. சேர்ந்த புதிதில் ஒன்றை உள்ளே கொண்டுபோனேன். "இதையெல்லாம் எங்கிட்ட கொண்டு வராதே" என்று எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நானே ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தூத்துக்குடிக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். மனைவி பக்கத்தில் இருக்க, ஊரில் செய்துகொள்ள நினைத்தார். மூன்று முறை லெட்டர் கொடுத்தார். மூன்றும் என் இழுப்பறையில் கிடந்தன. நாலாவது முறை வெறுங்கையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் செத்தா நாலு நாள்ல அனுப்பிருவாவ. உயிரோட அனுப்ப என்ன வழின்னு கேட்டுச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் விவரம்தான் கேட்டார். லெட்டர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

முதலாளி படித்த கையோடு கையெழுத்துப் போட்டார். டிக்கெட்டும் போடச் சொன்னார். பிறகு தேதியைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "முதல் லெட்டர் எழுதி அஞ்சு மாசம் ஆச்சே பாய். ஏன் கொண்டு வரலை?"

"நீங்கதானே சாப் கொண்டு வராதேன்னு சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. எனக்கோ அன்று அவர் போட்டிருந்த சட்டை வரை ஞாபகம் இருக்கிறது. அவர் மறந்தது தப்பா, நான் பன்னிரண்டு வருஷம் மறக்காமல் இருந்தது தப்பா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவர்மேல் கோபப்படப் போனால் அது என் பக்கமே திரும்புகிறது.

விமான நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். உடல்களை அனுப்பி அனுப்பி அதன் சரக்கு வாசல் எனக்கு அத்துப்படி. பயணிகள் வாசலில் ஒருவரை வழியனுப்ப நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே போகும் முன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளிகிட்ட எனக்காவ மல்லுக்கட்டி வாங்கித் தந்தீயளே அண்ணாச்சி. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.