டீச்சரைத் தோற்கடித்த வார்டு

படத்திறப்புக்கு எல்லாம் தயாராகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். மேடையில் டீச்சரின் படம், அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. துணியை விலக்க வேண்டியவன் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ற படத்தை அவந்தான் தொறக்கோணும் அம்மிணி" என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே அவனை உள்ளே கூட்டிவருவது என் தலையில் விழுந்தது. அவன் என்னிடமும் படித்தவன்தான். போய்க் கூப்பிட்டேன்.

"வேண்டாங்க டீச்சர். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் தொறக்கறது? அவங்களத் தோக்கடிச்சவன் நானு" என்றான். நான் திட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. நானும் டீச்சரும் ராசிபுரம் பக்கம் ஒரே அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் அறிவியல், நான் கணக்கு. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அவர் அக்கா. ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வார்டு கவுன்சிலருக்கு நின்று ஜெயித்தார். காலையில் குழாயில் தண்ணீர் விட்டதும், கடைசித் தெருவில் கடைசி வீட்டில் போய் நிற்பார். அங்கே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தன் வீட்டில் குடம் வைப்பார். தெருவிளக்கு எரியவில்லையென்றால் மனு எல்லாம் கிடையாது. "ஏஞ்சாமி, கம்பத்துல ஏறுனயா, நான் வந்து ஏறட்டுமா?" என்று லைன்மேனுக்கு ஒரு போன். அவனும் அவரிடம் படித்தவன்தான். ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், வெண்ணந்தூர் போகிற பஸ்ஸின் கண்டக்டர், எங்கே போனாலும் யாராவது ஒருவன் பதறி எழுந்து நிற்பான். நாமக்கல் கலெக்டர் ஆபீசில்கூட ஒருவன் எழுந்து நின்றதை நானே பார்த்தேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. எதிர்க்க ஆளில்லாத தேர்தல் என்ன தேர்தல் என்று டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து இவனை உசுப்பேற்றிவிட்டார்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் இவன். எங்கள் இருவரிடமும் படித்தவன். விளையாட்டாக மனு கொடுத்துவிட்டு, வாபஸ் வாங்கப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நடுங்கிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க டீச்சர்."

"நின்னா நில்லுடா, அதுக்கென்ன? ஆனா ஊடூடாப் போயி ஓட்டுக் கேக்கோணும். சும்மா பேருக்கு நிக்கப்படாது" என்றார் அவர்.

சொன்னபடியே போனான். ஒவ்வொரு வாசலிலும், "டீச்சருக்கே போடுங்க. மிச்சமிருந்தா எனக்கொண்ணு" என்று கும்பிட்டான். அங்கேதான் வந்தது வினை. டீச்சர் எப்படியும் ஜெயித்துவிடுவார், இந்தப் பாவப்பட்ட பையன் ஊர் முன்னால் அசிங்கப்படக் கூடாது என்று வார்டு முழுக்க ஆளாளுக்கு இரக்கப்பட்டார்கள். வீட்டுக்காரி டீச்சருக்குப் போட்டிருப்பாள் என்று வீட்டுக்காரர் இவனுக்குப் போட்டார். வீட்டுக்காரர் டீச்சருக்குப் போட்டிருப்பார் என்று வீட்டுக்காரியும் இவனுக்கே போட்டாள். ஒருவரும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

எண்ணி முடித்தபோது டீச்சர் தோற்றிருந்தார். ஜெயித்தவன் ஓட்டு எண்ணுகிற இடத்திலேயே தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வெடி வெடிக்கவில்லை. கேதம் விழுந்த மாதிரி தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் யாரோடும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பால்காரம்மா "டீச்சரு தோப்பாங்கன்னு ஆருங்க நெனச்சா?" என்று மூக்கைச் சிந்தியபோது, "உங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த லட்சணம்தான் இது" என்று கதவைச் சாத்தினேன்.

டீச்சரோ மறுநாள் காலையில் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக நன்றி சொல்லப் போனார். நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. அது முடிந்ததும் பட்டறைக்குப் போய் இவனைக் கையோடு பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். "இவன் கவுன்சிலரு. நான் டியூசன் டீச்சரு" என்று அங்கே அறிமுகம் வேறு. அவன் பதவியில் இருந்த காலம் பூராவும் பட்டறைக்குப் போகும் முன் அவர் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் போனான். வார்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முன்னால் ஒருநாள்கூட அவன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்தக் குற்ற உணர்வு அவனை விடவேயில்லை.

மண்டபத்துக்குள் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன இன்னொரு விஷயத்தைச் சொல்லும் நேரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

"அந்தத் தேர்தல்ல அக்கா யாருக்குப் போட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

அவன் விழித்தான்.

"உனக்குத்தான்."

தோற்ற அன்று சாயங்காலம் அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பூத்துக்கு வெளிய நின்னான் பாரு அம்மிணி, ஊட்டுப்பாடம் எழுதாம வந்தாப்பல. உள்ள போனா, என்ற பேருக்குக் கீழ அவன் பேரு. எத்தனை பேப்பர் திருத்தியிருப்பேன், ஒருத்தனுக்காச்சும் முட்டை போட்டிருப்பனா? கை தானா அங்க போயிருச்சு." உங்களுக்குமா புத்தி இல்லை என்று நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. "நான் போன பொறவு அவங்கிட்டச் சொல்லு. இப்பச் சொன்னா அழுதுக்கிட்டே உக்காந்துக்குவான், வார்டு வேலை ஆவாது" என்றார்.

அவன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். "டீச்சருங்களா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். துணியை விலக்கினான். படத்தைக் கும்பிட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான். பேச்சென்று எதுவும் அவன் எழுதி வரவில்லை.

"நாம அத்தனை பேரும் அன்னைக்குப் பண்ணுன தப்ப டீச்சரும் பண்ணியிருக்காங்க. அவங்க ஓட்டும் எனக்குத்தானுங்க" என்றான்.

 பின் பெஞ்சில் ஒரு கிழவர்தான் முதலில் களுக்கென்று சிரித்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் எல்லோரும். இத்தனை வருடமாக டீச்சர் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொண்டவர்கள் அவர் படத்தை நேராகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். அவர் செத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் வந்தது. இதைக் கேட்க அவர் இல்லையே என்று பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.