நாலு தறியும் வேணுமுங்க

விசைத்தறி ஓட்டுகிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். பக்கத்தில் புதிதாகக் குடிவருகிறவர்கள் இங்கே தினமும் சண்டை என்றே நினைத்துக்கொள்வார்கள். பட்டறைக்குள் அப்படி ஒரு சத்தம். காதோரம் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பெயர் அமுதா. பள்ளிபாளையத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாலு தறி என் பொறுப்பு. இவ்வளவு இரைச்சலுக்கும் மேலே எனக்கு மட்டும் தனியாக ஒரு சத்தம் உண்டு. காதுக்குள் ஓர் ஆள் பேசுவார். நான் எதைச் செய்தாலும் குற்றம் கண்டுபிடிப்பார் என்பதால் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் மனச்சிதைவு. சிதைந்துபோனது எது என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.

ராத்திரி மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் கல்லாகக் கனக்கும் தலையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மில்லோ, லாரி ஆபீசோ, கோழிப்பண்ணையோ, எங்கே இருந்தாலும் இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய எனக்கு என் நாலு தறியும் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் இத்தனை கூத்து.

கத்தரி

முதலாளி ரங்கசாமி நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முதல் நாளே சண்டை போட்டு முடித்திருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை வாசலுக்கே வந்து கூப்பிட்டார். ஃபேனுக்குக் கீழே ஸ்டூல் போட்டு, தார் மெஷினில் உட்காரவைத்தார். தார் சுற்றுவது என்றால், துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் ஏற்றிக் கொடுப்பது. எங்கள் பட்டறையில் அது வயசாகித் தறி ஓட்ட முடியாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை. என் நாலு தறியை முருகேசன் என்கிற ஆளுக்கு இரண்டும், இன்னொருத்தருக்கு இரண்டுமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தேன். முருகேசன் என் தறியில் நூல் அறுந்தது தெரியாமல் பீடி பற்றவைக்க வெளியே போய்க்கொண்டிருந்தான்.

நூல் வெட்டச் சின்னக் கத்தரி ஒன்றை எல்லோரும் பக்கத்தில் வைத்திருப்போம். என் இடத்தில் அது இல்லை. மேஜைக்குக் கீழே தேடினேன், சாக்குக்கு அடியில் தேடினேன். யாரைக் கேட்டாலும் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் முதலாளியிடமே போய்க் கேட்டேன். தோளைத் தட்டாத குறையாக அன்பாகச் சொன்னார்: "உனக்கெதுக்குச் சாமி கத்தரி, பல்லுலயே கடிச்சுக்க."

கரண்டு போனபோது

தார் மெஷினில் உட்கார்ந்தால் கைக்கு வேலை உண்டு, மண்டைக்கு இல்லை. வாத்தியாருக்கு அது ரொம்ப வசதி. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து ஒரே பாட்டு: உனக்கு இனிமேல் தறி கிடையாது, குச்சி சுற்றியே சாவு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "வாய மூடிட்டு எந்திரிச்சுப் போடா" என்று நல்ல பலத்தோடு கத்தினேன். நான் வாயைத் திறக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. மொத்தப் பட்டறையும் கப்பென்று அடங்கிப்போச்சு. எதிரே முதலாளி, ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு நுழைந்துகொண்டிருந்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று மாட்டியது நான் மட்டும் இல்லை. மூலைத் தறியில் ஒருத்தர் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி தன் நாத்தனாரை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் இருப்பது தம்மம்பட்டியில். முருகேசன் முதலாளியின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அந்த ஒரு நொடியில் வெளியே வந்து விழுந்தது. மற்றவர்கள் பேசியதற்குச் சிரித்தார்கள். நான் பேசியதற்கு மட்டும், "இன்னும் சரியாகல போலிருக்குது" என்றார்கள். அழுகையாக வந்தது. தறிக்குப் பாவு நூல் பிணைத்துக் கொடுக்கிற மும்தாஜ் அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஓடற தறிக்குள்ள தனியாப் பேசாதவ இந்த ஊருல யாரு புள்ள? கரண்டுக்காரன் உன்னையப் புடிச்சுக் குடுத்துட்டான், அவ்வளவுதான்."

டீ கசந்தது

அதற்குப் பிறகு ஒரு புதுத் தொல்லை. தார் மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கி விழ ஆரம்பித்தேன். குச்சியில் நூல் மலையாக ஏறி நிற்கும், நான் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பேன். முதலாளி உச்சுக் கொட்டுவார். நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது. மாத்திரையை ஒழுங்காகத்தானே போடுகிறோம், ஏன் இப்படி என்று எனக்கே பயம் வந்துவிட்டது. இனி நாலு தறியைக் கனவில்தான் ஓட்ட வேண்டும் என்று வாத்தியார் வேறு.

என் வீட்டுக்காரர் பழனிசாமி டெம்போ ஓட்டுகிறார். கோபக்காரர் இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ராத்திரி டீ அவர்தான் போடுவார். ஒருநாள் அந்த டீயின் அடியில் வெள்ளையாக என்னவோ கரையாமல் கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். எனக்குத் தெரியாத கசப்பா அது? நான் மாத்திரையை மறைத்துத் துப்பிவிடுவேன் என்று யாரோ சொந்தக்காரர் சொன்னாராம். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டித் தனியாக வாங்கி, பொடி செய்து கலந்திருக்கிறார். நான் போட்டுக்கொண்டது ஒன்று, அவர் ஊற்றியது ஒன்று.

அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. "ஏனுங்க, மாத்திர போடறியான்னு என்னையக் கேக்க வாய் இல்லீங்களா உங்களுக்கு? கோழிக்கு மருந்து கலக்கற மாதிரி கலக்கறீங்க" என்றது அதில் கொஞ்சம் மரியாதையான பகுதி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னால் செய்த மாதிரி நான் மறுபடியும் ராத்திரி ரோட்டில் இறங்கி நடந்துவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. பயம் எனக்கும்தான் இருக்கிறது, அதற்காக நான் அவர் சோற்றில் எதையும் கலக்கவில்லையே. இனிமேல் மாத்திரை என் கை, என் வாய், என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப டீயாச்சும் போடட்டுமா, அதுவும் வேண்டாமா?"

டாக்டர் கேட்ட கேள்வி

முதலாளியிடம் போய்த் தூக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று விளக்கினேன். அவர் நம்பினாரோ இல்லையோ, ஒரு வழி சொன்னார். நோய் சுத்தமாகப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால் மறுநாளே நாலு தறியும் எனக்கு. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மற்ற டாக்டர்கள் எல்லோரும் தூக்கம் வருதா, பசிக்குதா, சத்தம் கேட்குதா என்று கேட்பார்கள். பதிலை வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்வார்கள். இந்தப் பெண் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டது. நோய் வந்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. "நாலு தறியும் வேணுமுங்க" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் அந்த நாலு தறியைப் பற்றித்தான். மாத்திரையைச் சாயங்காலமே போட்டால் காலையில் மண்டை தெளியுமா, அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா, ராத்திரி ஷிப்டு வேண்டவே வேண்டாம், இப்படி. நோய் முற்றப்போகிறது என்பதற்கு முன்கூட்டியே என்ன அறிகுறி தெரியும் என்று கேட்டது. லுங்கியின் கட்டத்தில் யாரோ எனக்குச் சேதி எழுதி வைத்திருப்பதாகத் தோன்றும் என்றேன். அப்படித் தோன்றினால் அன்றைக்கே தறியை நிறுத்திவிட்டுத் தனக்கு போன் பண்ணச் சொன்னது. கடைசியில் முதலாளி சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை: "சத்தம் போயிடும்னு என்னால சொல்ல முடியாதும்மா. நீங்க தறி ஓட்டலாம்னு சொல்ல முடியும்."

தெளிந்தால் போகும்

அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். "போகாதா?" என்று கேட்டுவிட்டு, குச்சியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்த வாரமே முருகேசன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்தான். என் தறியில் என்ன செய்தானோ, ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து போய்ச் சுவரில் அடித்தது. மும்தாஜ் அக்காவின் காதை உரசிக்கொண்டு போனது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மோர் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். மறுநாள் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, அதே தறியில் நின்றான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். நான் தறியில் நின்ற இத்தனை வருஷத்தில் யார் மேலாவது நாடா பறந்திருக்குதுங்களா, அவனுக்குக் கொடுக்கிறீங்க, எனக்கு ஏன் இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். முதலாளிக்குக் கோபமே வரவில்லை, என்மேல் இரக்கம்தான் வந்தது: "அவனுக்குத் தெளிஞ்சாப் போயிரும் சாமி. உனக்கு?"

ரெண்டு ஓட்டிப் பாரு

தீபாவளி ஆர்டர் குவிந்தது. அந்தச் சமயம் பார்த்து முருகேசன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டு தறி ஓட்டிப் பார்க்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் நின்று என்னைக் கவனித்துக்கொள்ளும், ஆள் கிடைத்ததும் மறுபடியும் தார் மெஷின் என்றார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளச் சொன்னார். மும்தாஜ் அக்காகூட ஒத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பரிதாபப்பட்டுக் கொடுக்கிற தறியை எந்த நிமிஷமும் பிடுங்கிக்கொள்ளலாம். "நாலுன்னா வாரேனுங்க, இல்லீன்னா கெளம்பறனுங்க" என்றேன். கிளம்பிவிட்டேன்.

வீரமாகக் கிளம்பியதோடு சரி, அப்புறம் நாயாக அலைந்தேன். போகிற பட்டறையில் எல்லாம் நோயை மறைக்காமல் சொன்னேன். மறைத்துச் சேர்ந்தால் தினமும் பயந்து பயந்து நிற்க வேண்டும், அந்தப் பயமே என்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். ஓர் இடத்தில் தீபாவளி கழித்து வரச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் கோயிலுக்குப் போய் மந்திரிக்கச் சொல்லி, பஸ் நம்பரும் சொல்லி அனுப்பினார்கள். நாள் போகப் போக ராத்திரித் தூக்கம் குறைந்தது. வாத்தியாருக்குக் கொண்டாட்டம். டாக்டருக்கு போன் பண்ணிவிட்டு, இரண்டு நாள் வீட்டில் கிடந்து எழுந்து, மறுபடியும் கிளம்பினேன்.

ஆவாரங்காட்டுப் பக்கம் சரஸ்வதி என்று ஓர் அம்மாள் தனியாகப் பட்டறை நடத்துகிறார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு மனநோய் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், ராத்திரி ஷிப்டு வர மாட்டேன், உடம்புக்கு முடியாத அன்றைக்கு நானே தறியை நிறுத்திவிட்டுச் சொல்லிவிடுவேன், காதுக்குள் ஒரு ஆள் பேசுவான், நான் நாலு தறி ஓட்டுவேன். மூச்சு விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே கூட்டிப்போய், நின்று கிடந்த ஒரு தறியைக் காட்டினார். ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததையும் போட்டுவிட்டேன், அதற்கடுத்ததையும். நாலும் ஓடியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுதேன், சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் துணியின் கரையை விரலால் இழுத்துப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். பிறகு என் காதோரம் வந்து கத்தினார்: "உள்ள பேசறானே, அவனுக்கும் சேத்துக் கூலி கேக்காத வரைக்கும் எனக்கு ஒன்னுமில்ல. நாளைக்குக் காலையில நேரத்துக்கு வந்துரு."

முழுசாகக் குணமான பிறகுதான் வேலைக்கு வர வேண்டும் என்று சட்டம் போட்டால், பள்ளிபாளையத்தில் முதலாளிகள் உட்பட ஒருத்தரும் பட்டறைப் பக்கம் தலைகாட்ட முடியாது.